147-க்கும் 148-க்கும் நடுவே

டாக்டர் பியூலாவுக்கு மூடிய கவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் படிக்கும் செய்தியை அவரைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, அவர் பக்கத்தைத் திருப்பக் காத்திருப்பாள். முப்பத்தாறு வயதில் ஸ்கேன் படம் படிக்கும் டாக்டராக அவள் உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். உடம்புக்குள் எட்டிப் பார்க்கச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த வியாழக்கிழமை காலை அவள் எட்டிப் பார்த்தது 147-ஐ.

147 ஒரு பெண். பெயர் தெரியாது, முகம் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விதி. 2043-இல் தூத்துக்குடி கடலோர மகளிர் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மாதவிலக்கு முறை தவறி, வாரக்கணக்கில் ரத்தப்போக்கு என்று வரும் பெண்களுக்கு நான்கு விதமாகக் கருப்பையைப் படம் எடுத்தார்கள். முதலாவது சாதாரண உள் ஸ்கேன். இரண்டாவது, கருப்பைக்குள் உப்புத்தண்ணீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேன். மூன்றாவது எம்.ஆர்.ஐ. நான்காவது, புதிதாக வந்திறங்கிய அடுக்கு ஸ்கேன். நான்கில் எது கெட்டிக்காரத்தனமாக நோயைப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். குறைந்தது இரண்டு முறைகள் ‘சந்தேகம்’ என்றால்தான் கேமராவை உள்ளே விட்டுச் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஒப்பிட ஆரோக்கியமானவர்களும் வேண்டுமே? அதற்கு ஆஸ்பத்திரி ஊழியர்களும், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த பெண்களும் சம்மதித்துப் படுத்துக்கொண்டார்கள்.

பழைய மூன்று படங்களையும் டாக்டர்கள் வழக்கம்போல நோயாளியின் படிவத்தைப் பார்த்துக்கொண்டே படித்தார்கள். புது மெஷினுக்கு மட்டும் படிவம் மூடியே இருக்கும். படித்துப் பதிலைப் பூட்டிய பிறகுதான் திறக்கும்.

அந்தப் புது மெஷின்தான் பியூலாவின் பொறுப்பு. வார்டில் அதற்குப் பெயர் சுவர் மெஷின். கருப்பைச் சுவரை வெங்காயம் உரிப்பதுபோல அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும்.

147-இன் சுவர் நன்றாக இல்லை. ஒரு மூலையில் உள்பூச்சு தன் எல்லையை மீறி அடுத்த அடுக்குக்குள் கசிந்திருந்தது. பியூலா ‘சந்தேகம்’ என்று அழுத்தினாள். அடுத்த கட்டம், பழைய தடங்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது விரிந்த ரத்தக் குழாய்கள், பிறகு சுருங்கினாலும் முழுக்கப் பழையபடி ஆவதில்லை. அந்த மிச்சத்தை வைத்து எத்தனை பிரசவம், ஏறத்தாழ எந்த வருடம் என்று இந்த மெஷின் சொல்லிவிடும். செய்த கம்பெனிக்காரர்களே எதிர்பார்க்காத உபரித் திறமை அது.

147-க்குத் தடம் ஏதும் இல்லை. அந்தச் சுவர் ஒரு பிரசவத்தையும் கண்டதில்லை.

பதிலைப் பூட்டினாள். படிவம் திறந்தது. வயது 44. மணமானவர். பிரசவம் ஒன்று, சுகப்பிரசவம். பெண் குழந்தை, வயது 20.

பியூலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்தது 148. சுவர் சுத்தம். ஆனால் தடம் இருந்தது. ஒன்று. இருபது வருடத்துக்கு முந்தையது. படிவத்தில், துணைக்கு வந்தவர். வயது 49. மணமாகாதவர். பிரசவம் இல்லை.

“அட!” என்றாள் பியூலா, அறையில் யாரும் இல்லாதபோதும்.

ஆய்வின் தலைவர் பேராசிரியர் ஆவுடைநாயகி. அறுபத்தொரு வயது. கல்யாணம், குடும்பம் என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் முப்பத்தைந்து வருடமாக இந்த ஆஸ்பத்திரியையே கட்டி மேய்ப்பவர். அவர் கையெழுத்துப் போடும் வேகத்துக்குப் பேனாவுக்கே மூச்சு வாங்கும்.

“இதுல என்ன அதிசயத்தைக் கண்டே?” என்றார் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு. “அடுத்தடுத்த நம்பர். டெக்னீஷியன் மாத்திப் போட்டுட்டான். நீ திருப்பிப் போடு, ரெண்டும் ஒத்துப்போயிரும்.”

“அப்படின்னா கெட்டுப்போன சுவர் 148-ஓடதுன்னு ஆயிடும் மேடம். ரத்தப்போக்கு இருக்கிறது 147-க்கு.”

“ரத்தமே படாம நோய் வர்றதில்லையா? பிள்ளை பெறாதவங்களுக்கு இந்தக் கேன்சர் கூடுதலா வரும்னு ரெண்டாம் வருஷப் புள்ளைக்குக்கூடத் தெரியும். 148-ஐக் கூப்பிட்டுச் சதை எடுத்துப் பாருங்க.”

“147?”

பேராசிரியர் தன் திரையில் மற்ற மூன்று அறிக்கைகளையும் திறந்தார். “வெறும் சுவர்த் தடிப்பு. பிள்ளை பெத்தவங்களுக்கு இந்த வயசுல சகஜம்னு மூணு பேரும் சொல்லிவச்ச மாதிரி எழுதியிருக்காங்க. மாத்திரை குடுத்தாச்சு. ஆறு மாசம் கழிச்சு வரட்டும்.”

ஆறு மாதம். படம் மாறவில்லை என்றால், நோயுள்ளவள் மாத்திரையோடு வீட்டில் இருப்பாள். ஒன்றுமில்லாதவள் ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பாள்.

“ரெண்டு பேரையும் வரச்சொல்லி இன்னொரு தடவை நானே எடுத்துப் பார்த்திடட்டுமா மேடம்?”

“படிக்கிற டாக்டர் ஆளைப் பார்க்கக் கூடாது. விதி.”

“விதியை எழுதினதே நீங்கதான்.”

“அதனாலதான் சொல்றேன்.” பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செவ்வாய்க்கிழமை நான் சென்னையில இருப்பேன்.”

அவருடைய அகராதியில் அதற்குச் சரி என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். 147-க்கு முகம் வந்தது. பெயர் கிரேஸ்கனி. கொஞ்சம் பருமன், கொஞ்சம் வெளுப்பு, கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். 148 அவளுடைய அக்கா புஷ்பக்கனி. இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு பேரை மேய்த்துப் பழகிய குரல். மூன்றாவது ஆள் கிரேஸ்கனியின் கணவர் ஞானதுரை. பல வருடம் கப்பலில் ஓடிவிட்டு இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

பதிவு மேஜையில் நர்ஸ் மறுபடி கேள்விகளைத் தொடங்கினாள். பியூலா தூண் ஓரமாக நின்று கவனித்தாள்.

“எத்தனை நாளா ரத்தப்போக்கு?”

“நாலு மாசமா. நிக்குது, திரும்ப வருது” என்றாள் புஷ்பக்கனி.

“சுகர் உண்டா?”

“உண்டு. மாத்திரை போடுதா.”

“எத்தனை பிள்ளைங்க?”

“ஒண்ணு. பொட்டப்புள்ள. சுகப்பிரசவம்.”

கிரேஸ்கனி வாயே திறக்கவில்லை. நர்ஸும் கேள்வி ஒவ்வொன்றையும் புஷ்பக்கனியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். இதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை. நோயாளி படுக்க வேண்டியவர், பேச வேண்டியவர் துணைக்கு வந்தவர். இந்த ஊர் மரியாதை அப்படி. பியூலாவின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னதும் அப்பாதான்.

ஸ்கேன் அறைக்குள் புஷ்பக்கனி பேச்சை நிறுத்தவில்லை. “போன தடவை இவளுக்கு உப்புத்தண்ணி விட்டு எடுத்தாவ. உப்புக்கு நம்ம ஊர்லயா பஞ்சம், உப்பளத்துல கொண்டுபோயி உக்கார வச்சிரவான்னு கேட்டேன். அந்த நர்ஸம்மா சிரிக்கவே இல்ல பாத்துக்கிடுங்க.”

பியூலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் படம் எடுத்தாள். சிரிப்பு தானாக நின்றது.

படம் மாறவே இல்லை. கசிந்த சுவர் தங்கையுடையது. தடமுள்ள சுவர் அக்காவுடையது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வெளியே ஞானதுரையின் செருப்புச் சத்தம் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தது.

“கிரேஸக்கா, உங்க கருப்பைச் சுவர்ல ஒரு இடம் சரியில்ல. கேன்சரா இருக்கலாம். இருந்தா இது ரொம்ப ஆரம்பம், முழுசா சரி பண்ணிடலாம். ஆனா சதை எடுத்துப் பார்த்தாகணும்.”

“மத்த மூணுலயும் ஒண்ணுமில்லன்னுல்லா சொன்னாவ?” புஷ்பக்கனி இடைமறித்தாள். “மூணு பேரு அந்தப் பக்கம், நீங்க ஒத்த ஆளு இந்தப் பக்கம். நாங்க யாரை நம்ப?”

“அந்த மூணு பேரும் படத்தோட சேர்த்து நீங்க சொன்னதையும் படிச்சாங்க. ஒரு பிள்ளை பெத்த உடம்புன்னு முடிவு பண்ணிட்டுப் பார்த்தாங்க. அதுக்குத் தகுந்த காரணம் அவங்களுக்குக் கிடைச்சிட்டுது.”

“இது?”

“இது யார் சொல்றதையும் கேட்காது. வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிப் போனாலும் சுவத்துல ஆணி அடிச்ச தடம் இருக்கும்ல? மேல வெள்ளையடிச்சாலும் தடவிப் பார்த்தா தெரியும்ல? பிள்ளை பத்து மாசம் இருந்துட்டுப் போன தடத்தையும் இந்த மெஷின் அப்படித் தடவிப் பார்த்துரும்.”

“இவ சுவத்துல?”

“ஆணியே அடிக்கல.”

“என் சுவத்துல?”

பியூலா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“மெஷினு தப்பு” என்றாள் புஷ்பக்கனி பட்டென்று. “எவனோ நல்லா ஏமாத்தி உங்க தலையில கட்டிட்டான். கல்யாணம் ஆவாதவளப் பாத்து என்னத்தச் சொல்லுதிய நீங்க? ஏட்டி, எந்தி. போவோம்.”

கிரேஸ்கனி எழவில்லை. அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவள் குரல் கேட்டது.

“எக்கா, மெஷினு தப்புன்னா எனக்கு நோயின்னு சொல்லுததும் தப்புத்தானா?”

புஷ்பக்கனி தங்கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தங்கையைப் பார்த்தாள். கதவுப் பக்கம் காது கொடுத்தாள். செருப்புச் சத்தம் தள்ளிப் போயிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“மெஷினு சரிதான், டாக்டர்” என்றாள். “ஷைனிய நான்தான் பெத்தேன்.”

பிறகு வேலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னாள். “இவளுக்குக் கல்யாணமாயி ஆறு வருசம். ஒண்ணும் தங்கல. மாமியாக்காரி ரெண்டாந்தாரமா ஒருத்திய பாத்தே வச்சிட்டா. எனக்கு வேண்டாத நேரத்துல தங்கிட்டு. தம்பி அப்பதான் கப்பலேறியிருந்தாவ, பதினாலு மாசக் கப்பலு. கொல்லத்துல இறால் உரிக்க ஆள் எடுக்காவன்னு சொல்லிட்டு நாங்க ரெண்டு பேரும் போனோம். வரையில மூணு பேரா வந்தோம். தம்பி வந்து எறங்கையில பிள்ள குப்புற விழுந்துட்டு. எல்லாத்துக்கும் மாமியாக்காரியே முட்டாயி வாங்கிக் குடுத்தா.”

“அந்த...” என்று பியூலா வாயெடுத்தாள்.

“அந்த ஆளு யாருன்னு மெஷினு கேக்குதா?”

“இல்லக்கா.”

“அப்ப நீங்களும் கேக்காதிய.”

பியூலாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிரேஸ்கனி அவள் கோட்டு நுனியைப் பிடித்தாள். “டாக்டரம்மா, ரிப்போர்ட்டு அவிய போனுக்குல்லா போவும்? தமிழ்ல வாசிச்சும் சொல்லும். அவியளுக்குக் காது கொஞ்சம் மந்தம், கப்பல் எஞ்சின் ரூம்ல நின்ன காது. பஸ்ல வச்சே சத்தமாப் போட்டிருவாவ. நோயி இருந்தா எழுதுங்க. தடத்த எழுதாதிய. ஷைனிக்கு அவியதான் உசுரு. அவியளுக்கும் அப்படித்தான்.”

அங்கேதான் சிக்கல். அறிக்கையில் தடம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. எண் போடலாம், ‘இல்லை’ போடலாம், அல்லது ‘இயந்திரப் பிழை’ போடலாம். எண்ணோ ‘இல்லை’யோ போட்டால் ஒரு குடும்பம் பஸ்ஸில் வைத்தே உடையும். பிழை என்று போட்டால், பிழையான மெஷின் சொன்ன கேன்சரை எந்தத் தலைவர் நம்பிக் கத்தி எடுக்கச் சொல்வார்? கிரேஸ்கனி கேட்ட கேள்வியை இனிப் பேராசிரியர் கேட்பார்.

புதன்கிழமை சென்னையிலிருந்து திரும்பியதும் கேட்டார்.

“மாறலையா? சரி. நோய்ச் சந்தேகம் 147-க்குத்தான். சரி. தடம் மட்டும் இயந்திரப் பிழை. அப்படித்தானே?”

“ஆமா மேடம்.”

“ஒரே படத்துல பாதி சரி, பாதி பிழை?”

“ஆமா மேடம்.”

“ரெண்டு பேருக்கும், ரெண்டு தடவையும், அச்சடிச்ச மாதிரி ஒரே பிழை?”

“... ஆமா மேடம்.”

“பரீட்சையில நீ இப்படி எழுதியிருந்தா ஃபெயில் பண்ணியிருப்பேன்.” பேராசிரியர் படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “துணைக்கு யாரு வந்திருந்தது?”

“அக்காவும் புருஷனும்.”

“புருஷன் எங்கே இருந்தார்?”

“கதவுக்கு வெளியே.”

ஆவுடைநாயகி கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். அவர் மேஜையில் பேனா இவ்வளவு நேரம் சும்மா இருந்து பியூலா பார்த்ததில்லை.

“விதிப்படி ரெண்டு மெஷின் சந்தேகப்படணும். இங்க ஒண்ணுதான்.”

“மேடம், விட்டா ஆறு மாசத்துல...”

“நான் இன்னும் பேசி முடிக்கல.” படிவத்தின் அடியில் நான்கு வார்த்தை எழுதினார்: தலைவரின் சொந்தப் பொறுப்பில் பரிசோதனை. கையெழுத்து, தேதி. “வெள்ளிக்கிழமை முதல் கேஸாப் போடு. 148-க்கு ஒண்ணும் வேண்டாம். கிளம்பு.”

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் ஞானதுரையின் போன் எல்லோருக்கும் கேட்க அறிக்கையை வாசித்தது. “சுவரின் ஒரு பகுதியில் சந்தேகம். சதைப் பரிசோதனை தேவை. பழைய தடங்கள், இயந்திரப் பிழை காரணமாகப் படிக்க இயலவில்லை.”

“இம்புட்டுப் பெரிய மெஷினு, பழைய தடத்தப் படிக்கத் தெரியலையாம் மயினி!” என்றார் அவர்.

“கப்பலே தரை தட்டுது தம்பி, மெஷினு தட்டாதா?” என்றாள் புஷ்பக்கனி. சொல்லிவிட்டு, குடிக்காத காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

பரிசோதனை முடிவு வந்தது. கேன்சர்தான். முதல் கட்டம், சுவரின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. பத்து நாளில் ஆபரேஷன் நடந்தது. கருப்பையை எடுத்ததோடு சரி, வேறு வைத்தியம் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் கிரேஸ்கனியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் ஷைனி. நடை அப்படியே பெரியம்மாவின் நடை. ஞானதுரை ரசித்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

நான்கு மாதத்தில் ஆய்வு முடிவுக்கு வந்தது. நோயைப் பிடிப்பதில் சுவர் மெஷினுக்கே முதலிடம். ஆனால் அதோடு கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. நானூறு பேரில் இருபத்திரண்டு பேருக்குத் தடம் காண்பதில் இயந்திரப் பிழை என்று பதிவாகியிருக்கிறது. காரணம் எவ்வளவு தேடியும் புரியவில்லை. கடற்கரைக் காற்றின் ஈரமாக இருக்கலாம். அடுத்த பதிப்பில் அந்தத் திறமையையே எடுத்துவிடுகிறோம்.

பியூலா கடிதத்தோடு பேராசிரியர் அறைக்குப் போனாள். இருபத்திரண்டும் அவள் போட்ட பிழைகள். படிவம் ஒன்று சொல்ல, சுவர் வேறு சொன்ன ஒவ்வொரு இடத்திலும் போட்டது.

“காத்தோட ஈரமாம்” என்றார் ஆவுடைநாயகி. உதடு லேசாகக் கோணியது. “நல்லதுதானே, எடுக்கட்டும். அது ஆஸ்பத்திரி வேலை இல்ல.”

“எடுத்துட்டா அடுத்த 147-ஐ யார் காட்டிக்குடுப்பா மேடம்? அவங்க சொன்ன ஒரு பொய்தான் மூணு டாக்டர் கண்ணையும் மறைச்சிட்டுது.”

“நீ பதில் இல்லாம கேள்வியோட வர்ற ஆள் இல்லையே.”

“இருநூறாம் நம்பர்லேர்ந்து பதிவு மேஜையை உள் அறைக்கு மாத்தச் சொன்னேன். துணைக்கு வந்தவங்க வெளியே. கேள்வியை நோயாளிகிட்டயே கேட்கணும். போனுக்குப் போகிற ரிப்போர்ட்ல இது வராதுன்னு முதல்லயே சொல்லிடணும். அதுக்கப்புறம் பதினோரு பேருக்குப் படிவமும் சுவரும் ஒத்துப்போகல. அதுல ஒன்பது பேர் நர்ஸ்கிட்ட தாங்களாவே உண்மையைச் சொன்னாங்க. டாக்டர் கண்ணுக்கு மட்டும்னு தனிக் குறிப்பா வச்சிருக்கோம்.”

“மீதி ரெண்டு பேர்?”

“தனியா கேட்டும் சொல்லல.”

“சொல்ல மாட்டாங்க” என்றார் பேராசிரியர். “சில பேர் சொல்ல மாட்டாங்க.” கடைசி அறிக்கையை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பிழைகள் என்ற அட்டவணையில் நிறுத்தினார். “இதை இருபத்துமூணுன்னு மாத்து.”

“இருபத்திரண்டுதான் மேடம். ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

“ஆரம்பத்துல மெஷினைச் சரிபார்க்க ஸ்டாஃப் கொஞ்ச பேர் படுத்தோமே, முதல் இருபது நம்பர். அது படிச்சாச்சா?”

“இல்ல மேடம். அதைக் கடைசியாப் படிக்கலாம்னு ஒதுக்கி வச்சது, இன்னும் யாரும் தொடல. இன்னைக்குச் சாயங்காலம் படிச்சு முடிச்சிடுவேன்.”

“அதுல பன்னிரண்டாம் நம்பர் இயந்திரப் பிழை.”

“படத்தைப் பார்க்காமலே எப்படி மேடம்...”

பியூலா பாதியில் நிறுத்தினாள். ஆவுடைநாயகி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும்போல வேகமாகத்தான் போட்டார். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சுவர் நல்லா இருக்கான்னு மட்டும் மெஷினையே கேட்டுக்கோ. அதுக்குத் தனிப் பட்டன் இருக்குல்ல? நோய் இருந்தா சொல்லு. மத்தது வேண்டாம்” என்றார். “நாலரைக்கு எனக்கு மீட்டிங்.”

சாயங்காலம் பியூலா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினொன்று வரை படித்து முடித்தாள். பன்னிரண்டு வந்து நின்றது. படத்தின் மேல் விரலை வைத்தால் போதும், அடுக்கடுக்காக விரியும். ஒன்றா, இல்லையா? எந்த வருடம்? அந்தப் பிள்ளை இப்போது எந்த ஊரில், யாரை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்? கேள்விகள் வரிசை கட்டி நின்றன.

நோய்ப் பரிசோதனைப் பட்டனை மட்டும் அழுத்தினாள். ‘சுவர் நலம்’ என்றது மெஷின்.

படத்தைத் திறக்காமலே, தடம் என்ற கட்டத்தில் ‘இயந்திரப் பிழை’ போட்டுப் பூட்டினாள்.

திரையில் பதின்மூன்று வந்தது.